கிரயமில்லாத கைத்தாளம்

தியானப் பகுதி: 2 சாமுவேல் 24:18–25, சங்கீதம் 47



ஆராதனையில் கைகொட்டிப் பாடுவது நம் கடற்கரைச் சபைகளில் நெடுநாளைய வழக்கம். இப்பொழுது சில இடங்களில் அந்தக் கைத்தாளம் ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது. ஒரு நாள் சபையாரைக் கைதட்டச் செய்து, அந்த ஓசையைப் பதிவுசெய்து, கணினியில் ஏற்றி, துண்டு துண்டாக நறுக்கி, மின்தாளப் பலகையின் ஒரு சதுரத்தில் அமர்த்திவிடுகிறார்கள். நம் பிள்ளைகள் ரிதம் பேட் என்று சொல்லுகிற கருவி அது. அதன்பின் ஞாயிறுதோறும் ஒரு வாலிபன் குச்சியால் அந்தச் சதுரத்தைத் தொட்டால் போதும். இருநூறு கைகள் கொட்டும் ஓசை ஆலயத்தை நிரப்புகிறது. பெஞ்சுகளில் அமர்ந்திருக்கும் இருநூறு பேருடைய கைகளோ மடியில் கிடக்கின்றன.

இதைச் சிலர் வளர்ச்சி என்கிறார்கள். தாளம் பிசகுவதில்லை, பதிவு சுத்தமாக வருகிறது, இணையத்தில் பார்ப்பவர்கள் பாராட்டுகிறார்கள் என்கிறார்கள். நான் இதைத் திருட்டு என்கிறேன். பதிவுசெய்வதை அப்படிச் சொல்லவில்லை. பதிவை வைத்துக்கொண்டு ஆட்களைத் தள்ளிவிடுவதையே சொல்லுகிறேன். சொல் கடுமையானதுதான். ஆனால் ஏழையிடத்தில் இருந்த ஒரே வாத்தியத்தை வாங்கி வைத்துக்கொண்டு, அவனைப் பார்வையாளனாக உட்காரவைப்பதற்கு வேறு மென்மையான பெயர் எனக்குக் கிடைக்கவில்லை. இந்த வாரம் அதைக் குறித்துச் சற்று நேரம் சிந்திப்போம்.

முதலாவது, அந்தக் கருவி என்ன செய்கிறது என்பதை நியாயமாக அறிந்துகொள்வோம். அறியாமல் கண்டிப்பது போதகனுக்கு அழகல்ல. ஒலிவாங்கியின் முன் ஒருவர் கைதட்டுகிறார். மார்பிலோ தொடையிலோ தட்டுகிறார். தரையைக் காலால் மிதிக்கிறார். மென்பொருள் அந்த ஓசையின் முன்னும் பின்னும் உள்ள மௌனத்தை வெட்டி எறிகிறது. ஓசையின் உயரத்தைச் சமப்படுத்துகிறது. பிறகு அதற்கு ஒரு எண்ணைக் கொடுக்கிறது. 1983 ஆம் ஆண்டு முதல் மின்னிசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கு மிடி என்னும் பொது மொழி உண்டு. அந்த மொழியில் தாளக் கருவிகளுக்கெல்லாம் எண்கள் உண்டு. 1991 இல் வகுக்கப்பட்ட பொதுப் பட்டியலில் கைதட்டலுக்குரிய எண் 39. எவ்வளவு பலமாகத் தட்டப்பட்டது என்பதையும் 1 முதல் 127 வரையிலான ஓர் எண் குறிக்கிறது. பேடில் விரலோ குச்சியோ பட்டவுடன் அந்த இரண்டு எண்களும் செல்லுகின்றன. சேமித்துவைத்த ஓசை எழும்புகிறது. இவ்வளவுதான் நடப்பது. இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. பாடல் பதிவுக்கூடத்தில் தனியாக அமர்ந்து இசையமைக்கிறவருக்கு இது பயனுள்ள கருவி என்பதை நான் மறுக்கவில்லை.

ஆனால் இந்தக் கருவிகளின் வரலாற்றில் நம்முடைய ஆராதனைக் குழுவினர் அறிந்திருக்கவேண்டிய ஒரு செய்தி உண்டு. 1980 ஆம் ஆண்டில் இரண்டு தாள இயந்திரங்கள் வெளிவந்தன. அமெரிக்கரான ரோஜர் லின் செய்த எல்எம்-1, மெய்யான தாள ஓசைகளைப் பதிவுசெய்து வைத்துக்கொண்டு ஒலித்தது. கைதட்டலும் அவற்றில் ஒன்று. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் செய்த டிஆர்-808 பதிவு எதையும் வைத்துக்கொள்ளாமல், மின்சுற்றினாலேயே ஓசையை உண்டாக்கிற்று. பலர் சேர்ந்து கைதட்டும் ஓசையை ஒரு மின்சுற்றிலிருந்து வரவழைப்பது எப்படி? ஒரே வெடிப்பாக ஓசையை எழுப்பினால் அது கூட்டமாகக் கேட்காது. ஆகையால் இரைச்சலை மிகச் சிறிய இடைவெளிகளில் அடுத்தடுத்துப் பலமுறை வெடிக்கச் செய்து, அதன்பின் ஒரு நீண்ட வால் ஓசையைச் சேர்த்தார்கள். பல கைகள் ஒருபோதும் ஒரே கணத்தில் விழுவதில்லை. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். அந்த முந்துதலும் பிந்துதலுமே கூட்டத்தின் அடையாளம். அதைப் பொறியாளர்கள் கண்டுகொண்டு, வருந்தி உழைத்து இயந்திரத்துக்குள் வைத்தார்கள்.

இன்றைய இசை மென்பொருள்களிலும் இதே வேடிக்கை உண்டு. முதலில் எல்லாத் தட்டல்களையும் நேர்கோட்டில் நிறுத்துவதற்கு ஒரு கட்டளை, குவாண்டைஸ் என்பார்கள். அப்படி நிறுத்தினபின் ஓசை செத்துப்போய்க் கேட்கிறது. உடனே அதற்கு உயிர் வந்ததுபோலத் தோன்றச் செய்ய இன்னொரு கட்டளை. ஹியூமனைஸ் என்று அதற்குப் பெயர். மனிதத்தன்மை ஏற்றுதல்! அது செய்வதெல்லாம், ஒழுங்காய் நின்ற தட்டல்களைச் சிறிது முன்னும் பின்னும் கலைத்துவிடுவதே. மனிதருடைய பிசகை இயந்திரத்துக்குள் திரும்பக் கொண்டுவர இவ்வளவு பாடுபடுகிறார்கள். நாமோ அந்தப் பிசகைக் காசில்லாமல் கொண்டுவருகிற மனிதரைப் பார்த்து, உங்களால் தாளம் கெடுகிறது, சும்மா உட்காருங்கள் என்கிறோம். உயிருள்ளவர்களை அடக்கிவிட்டு, உயிருள்ளதுபோல் நடிக்கும் ஓசையைப் பீடத்தண்டையில் வைக்கிறோம். இதைவிடத் தலைகீழான காரியம் உண்டோ?

இப்பொழுது வேதத்துக்கு வருவோம். சாமுவேலின் இரண்டாம் புத்தகம் 24 ஆம் அதிகாரம் தாவீது ஜனத்தைத் தொகையிட்ட பாவத்தோடு தொடங்குகிறது. மனிதரை எண்களாக்கிப் பார்த்தான் ராஜா. தேசத்தில் கொள்ளைநோய் உண்டாயிற்று. அது எபூசியனாகிய அர்வனாவின் களத்தண்டையில் நிறுத்தப்பட்டபோது, அங்கே ஒரு பலிபீடம் கட்டும்படி தாவீதுக்குச் சொல்லப்பட்டது. அர்வனா தாராளமனதுள்ளவன். களத்தையும், பலிக்கு மாடுகளையும், விறகுக்குப் போரடிக்கிற உருளைகளையும் நுகத்தடிகளையும் இனாமாகக் கொடுக்க முன்வருகிறான். எல்லாம் ஆயத்தம், தாவீது நெருப்பு வைத்தால் போதும். ஆனாலும் ராஜா மறுத்துவிட்டான். தனக்கு ஒன்றும் செலவாகாத பலியைத் தன் தேவனாகிய கர்த்தருக்குச் செலுத்த அவனுக்கு மனமில்லை. ஐம்பது சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கிய பிறகே பலியிட்டான்.

அந்தப் பலியின் மாடுகள் இனாமாக வந்திருந்தாலும் அதே மாடுகள்தான். புகையும் அதே புகைதான். காண்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்திராது. வித்தியாசம் பலியில் அல்ல, செலுத்துகிறவனில் இருந்தது. பதிவுசெய்த கைத்தாளத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் முதல் வாதம், ஓசை அப்படியே இருக்கிறதே என்பதுதான். இருக்கட்டும். அர்வனாவின் மாடும் அப்படியேதான் இருந்தது. கர்த்தர் ஓசைக்குப் பஞ்சப்பட்டவரா? சமுத்திரம் முழங்குகிறது, ஆறுகள் கைகொட்டுவதாக 98 ஆம் சங்கீதமும், வெளியின் மரங்கள் கைகொட்டுவதாக ஏசாயா 55 ஆம் அதிகாரமும் பேசுகின்றன. ஓசை அவருக்கு வேண்டியமட்டும் உண்டு. அவர் நம்மிடத்தில் கேட்பது நம்மை. ரோமர் 12 ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் பவுல் நம்முடைய சரீரங்களையே ஜீவபலியாக ஒப்புக்கொடுக்கச் சொல்லுகிறார். சரீரத்தின் பதிவை ஒப்புக்கொடுக்கும்படி எங்கும் சொல்லவில்லை.

47 ஆம் சங்கீதத்தின் தலைப்பைக் கவனித்தீர்களா? அது இராகத்தலைவனிடத்தில் ஒப்புவிக்கப்பட்ட சங்கீதம்; கோராகின் புத்திரருடையது. ஆலய இசையில் தேறினவர்கள் அவர்கள். ஆயினும் அதன் முதல் வசனம் கைகொட்டும்படி அழைப்பது பாடகர் குழுவையல்ல, எல்லா ஜனங்களையும். வீணை வாசிக்கத் தேர்ச்சி வேண்டும். எக்காளம் ஊதப் பயிற்சி வேண்டும். கைகொட்டுவதற்கோ தேர்ச்சி கேட்கப்படவில்லை. ஆகவேதான் அது எல்லாருக்கும் ஒப்புவிக்கப்பட்டது. இராகத்தலைவன் அதைத் தன் பெட்டிக்குள் பூட்டிவைத்துக்கொள்ள அவனுக்கு அதிகாரம் இல்லை.

இன்னொன்றையும் வேதம் நமக்குக் கற்பிக்கிறது. கைதட்டல் தன்னிலேதானே பரிசுத்தமானதல்ல. யோவாசை ராஜாவாக்கினபோது ஜனங்கள் கைகொட்டினார்கள். அது சந்தோஷம் (2 இராஜாக்கள் 11:12). இடிந்துகிடந்த எருசலேமைக் கண்டு வழிப்போக்கர் கைகொட்டினார்கள். அது பரிகாசம் (புலம்பல் 2:15). இஸ்ரவேலின் வீழ்ச்சியைக் கண்டு அம்மோன் புத்திரர் கைகொட்டிக் காலால் தட்டினார்கள். அது பகை (எசேக்கியேல் 25:6). மூன்றையும் ஒலிவாங்கியில் பதிவுசெய்தால், மென்பொருளின் திரையில் தோன்றும் அலைவரிகளில் அவற்றைப் பிரித்தறிய முடியுமா? துதியையும் நிந்தையையும் பிரிப்பது ஓசையல்ல. ஓசையை எழுப்புகிறவனுடைய இருதயம். பதிவு, ஓசையை வைத்துக்கொண்டு இருதயத்தைக் கீழே விட்டுவிடுகிறது. ஆகையால் பேடிலிருந்து எழும்பும் கைத்தாளம் துதியுமல்ல, நிந்தையுமல்ல. அதற்குத் துதிக்கவும் தெரியாது. பாவம், நிந்திக்கவும் தெரியாது.

இதில் ஐயமுள்ளவர்களை ஒன்று கேட்கிறேன். நம் ஊரில் ஒரு துக்கவீடு. கடலுக்குப் போனவன் பிணமாகக் கரை சேர்ந்திருக்கிறான். தாயும் மனைவியும் மாரடித்து அழுகிறார்கள். அதுவும் சரீரத்தால் எழும்பும் தாளம்தான். அவர்கள் களைத்துவிட்டார்கள், மாரடிப்பும் ஒழுங்காக இல்லை என்று சொல்லி, நல்ல தரத்தில் பதிவுசெய்த மாரடிப்பை ஒருவன் அந்த முற்றத்தில் ஒலிக்கச் செய்வானா? செய்தால் ஊர் அவனை விட்டுவைக்குமா? துக்கத்தில் நாம் சகிக்கமாட்டாத பொய்யைத் துதியில் எப்படிச் சகிக்கிறோம்? துக்கம் மெய்யானது என்றும், துதி நிகழ்ச்சி என்றும் நம் உள்ளத்தில் எங்கோ தீர்மானித்துவிட்டோமோ? என் அச்சமெல்லாம் அதுதான்.

ஆலயத்துக்குப் போன ஆயக்காரனை நினைத்துக்கொள்ளுங்கள் (லூக்கா 18:13). தூரத்தில் நின்றான், கண்களை ஏறெடுக்கத் துணியவில்லை, மார்பில் அடித்துக்கொண்டான். எந்த ஒலிவாங்கிக்கும் எட்டாத சிறிய ஓசை அது. பரிசேயனுடைய ஜெபம் நன்றாகக் கேட்டிருக்கும். ஆனால் நீதிமானாக்கப்பட்டு வீடு திரும்பினவன், மார்பில் தாளம் பிசகி அடித்துக்கொண்டவனே.

ஏழையின் வாத்தியம் என்றேன். அதை விளக்கவேண்டும். நம் சபைகளின் பின்வரிசைகளில் அமர்ந்திருப்பவர்கள் யார்? உப்பளத்தில் வேலைசெய்து உள்ளங்கையும் பாதமும் வெடித்த தாய்மார். துறைமுகத்தில் மூட்டை சுமந்து தோள் காய்த்த தகப்பன்மார். வலை இழுத்து விரல் மடங்காமற்போன பெரியவர்கள். அவர்களுக்குக் கிட்டார் இல்லை, கீபோர்டு இல்லை, மேடையில் இடமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கொண்டுவரும் இசைக்கருவி அந்த இரண்டு கைகளே. வாரம் முழுவதும் பிறருக்காக உழைத்த கைகள், ஒரு மணி நேரம் கர்த்தருக்காகக் கொட்டுகின்றன. வெடித்த கையின் தட்டல் சற்று மங்கலாகத்தான் கேட்கும். மென்பொருளில் அதை நீக்கிவிடுவார்கள். பரலோகத்தில் அதை நீக்குவார்கள் என்று நான் நம்பவில்லை.

கைகளே கடைசி வாத்தியம் என்பதை உலக வரலாறும் சொல்லுகிறது. அமெரிக்காவின் தென் கரோலினாவில் 1739 இல் ஸ்டோனோ என்னுமிடத்தில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். மறு ஆண்டு வெள்ளையர் ஆட்சி ஒரு சட்டம் இயற்றி, அடிமைகள் முரசு வைத்திருப்பதைத் தடைசெய்தது. முரசைப் பறித்துக்கொண்டவர்களால் கைகளைப் பறிக்க முடியவில்லை. தென்பகுதி அடிமைகளிடையே கைகொட்டியும், தொடையில் தட்டியும், தரையை மிதித்தும் தாளம் எழுப்பும் கலை வளர்ந்தது. கடலோரத் தீவுகளில் அவர்களுடைய ஜெபவீடுகளில் வட்டமாகச் சுற்றிவந்து, கைகொட்டி, காலால் தரையைத் தேய்த்துத் தேவனைத் துதித்தார்கள். எந்த எஜமானும் பறிக்கமுடியாத முரசு அது. அன்று ஆளுகிறவர்களால் பறிக்கமுடியாததை, இன்று நாம் தரமான ஒலிக்காக நாமே கழற்றிக் கொடுத்துவிடுகிறோம்.

அவ்வளவு தூரம் போகவேண்டியதும் இல்லை. மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த அருட்திரு ஜே. தியோபிலஸ் அப்பாவு அவர்களை, பறட்டை என்னும் பெயரால் பலர் அறிவார்கள். 2005 இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். மிகுந்த பணமும் நீண்ட பயிற்சியும் வேண்டுகிற இசை, ஏழையை ஆராதனையின் வாசலிலேயே நிறுத்திவிடும் என்பது அவருடைய போதனை. ஆகையால் கிராமத்து மக்களின் மெட்டுக்களையும், ஒதுக்கப்பட்ட பறையையும் அவர் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். அவருடைய பாடல்களும் ஒலிநாடாக்களில் பதிவாகிப் பரவினவைதான். பதிவுக்கு அவர் பகைஞர் அல்ல. ஆனால் ஒலிநாடாவைக் கேட்ட கிராமம் அந்தப் பாட்டைத் தன் வாயால் பாடிற்று. தனக்கேற்றபடி மாற்றியும் பாடிற்று. பதிவு மக்களைப் பாடவைத்தால் அது ஊழியம் செய்கிறது. பதிவு மக்களுக்குப் பதிலாகப் பாடினால் அது எஜமானாகிவிடுகிறது.

நம்முடைய கரையே நமக்கு நல்ல உவமையைத் தருகிறது. 1961 ஆம் ஆண்டோடு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. ஆனாலும் அந்த வேலை எப்படி நடந்தது என்பதைப் பெரியவர்கள் வழியாக நாம் கேட்டிருக்கிறோம். குளிப்பவன் கல்லின் பாரத்தோடு பல பாகம் ஆழத்தில் இறங்குவான். படகில் ஒருவன் கயிற்றைப் பிடித்திருப்பான். மூச்சு முட்டும்போது கீழிருந்து கயிறு அசையும், மேலிருப்பவன் இழுக்கவேண்டும். கயிறு பிடிப்பவன் கையில் இருப்பது இன்னொருவனுடைய உயிர். மைத்துனனையே கயிறு பிடிக்க வைப்பார்கள் என்று இக்கரையில் சொல்வதுண்டு. தங்கையோ அக்காளோ தாலியிழப்பதை அவன் விரும்பமாட்டான் அல்லவா?

ஆராதனையில் இசை வாசிப்பவர்கள் கயிறு பிடிப்பவர்கள். துதியின் ஆழத்துக்குள் இறங்கவேண்டியது சபை. எப்பொழுது இழுக்கவேண்டும், எப்பொழுது விடவேண்டும் என்று அவர்கள் சபையின் அசைவைக் கையில் உணர்ந்துகொண்டே இருக்கவேண்டும். சபை தளர்ந்தால் இசை தாங்கவேண்டும். சபை எழும்பினால் இசை தாழவேண்டும். இப்பொழுது நடப்பது என்ன? கயிறு பிடிப்பவர்கள் படகிலேயே அமர்ந்து, பழைய முத்துக்களை எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். குளிக்க வந்தவர்கள் கரையிலேயே நிற்கிறார்கள். கயிற்றின் மறுமுனையில் ஒருவரும் இல்லை.

முத்தைப் பற்றியே இன்னொரு வார்த்தை. 1973 ஆம் ஆண்டு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் நம் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். சிப்பிக்குள் ஒரு சிறிய மணியைக் கருவாக வைப்பது மனிதனுடைய கைவேலை. அதன்மேல் படலம் படலமாகச் சுரந்து முத்தாக்குவது உயிருள்ள சிப்பி. கடைத்தெருவில் விற்கும் போலி முத்திலோ சிப்பியே இல்லை; மணியின்மேல் பூச்சு மட்டும் உண்டு. கருவியைக் கருவாக வையுங்கள், நான் தடுக்கவில்லை. ஒரு மெல்லிய தாளத்தை வாசித்துக் காட்டி, சபையின் கைகள் அதன்மேல் எழும்பட்டும். சிப்பியை எறிந்துவிட்டுப் பூச்சு பூசவேண்டாம் என்கிறேன்.

இதற்கு வருகிற மறுப்புகளையும் கேட்போம்.

பைப் ஆர்கனும் ஒலிபெருக்கியும் இயந்திரங்கள்தானே, அவற்றை ஏற்றுக்கொண்டவர்கள் இதை ஏன் மறுக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. ஆர்கன், பாடுகிற சபைக்குத் துணைநிற்கிறது. ஒலிபெருக்கி, பேசுகிறவனுடைய குரலைக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோகிறது. இரண்டும் மனிதனுடைய செயலைத் தாங்குகின்றன. அவனுடைய இடத்தில் அமர்வதில்லை. பிரசங்கத்தின் முடிவில் சபையார் சொல்லும் ஆமெனைப் பதிவுசெய்து, வாரந்தோறும் பேடிலிருந்து ஒலிக்கச் செய்ய எந்த மூப்பராவது சம்மதிப்பாரா? கல்லாதவனும் ஆமென் சொல்லக்கூடியபடி ஆராதனை இருக்கவேண்டும் என்பது பவுலின் கவலை (1 கொரிந்தியர் 14:16). கைத்தாளம் என்பது கைகளால் சொல்லும் ஆமென்.

ஒலிப்பது எங்கள் சபையாருடைய கைதட்டல்தானே, அந்நியருடையதல்லவே என்கிறார்கள். ஆம், ஒரு நாள் அவர்கள் தட்டினதுதான். வனாந்தரத்தில் பொழிந்த மன்னாவும் இஸ்ரவேலருக்கென்று வந்ததுதான்; ஆனால் சொல்லைக் கேளாமல் மறுநாளுக்கு வைத்தபோது பூச்சிபிடித்து நாற்றமெடுத்தது (யாத்திராகமம் 16:20). அந்தப் பதிவில் கைதட்டினவர்களில் சிலர் பிழைப்புக்காக வெளியூர் போயிருப்பார்கள். சிலர் கல்லறைத் தோட்டத்தில் நித்திரையாயிருப்பார்கள். மரித்தவர்களின் கைகள் ஒலிபெருக்கியில் கொட்ட, உயிரோடிருப்பவர்கள் கைகட்டி அமர்ந்திருக்கும் ஆராதனையை எண்ணிப்பாருங்கள். நடுங்கவேண்டிய காட்சி அல்லவா?

சபையாருக்குத் தாளம் வருவதில்லை என்கிறார்கள். வராவிட்டால் கற்பிக்கவேண்டும். நம் தாய்மாரின் தாய்மார் வட்டமாக நின்று கும்மியடித்தவர்கள். கரைவலை இழுத்த கூட்டம் பாட்டின் தாளத்துக்கு அடியெடுத்து வைத்தது. தாளம் இந்த மக்களுக்கு அந்நியமல்ல. எழுத்தறியாதவர்களிடத்தில் பொறுமையாய் இருப்பது எப்படி என்பதையும் இக்கரை கண்டிருக்கிறது. 1542 இல் இங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், தமிழ் அறியாதவராயிருந்தும், ஜெபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து மனப்பாடம் செய்து, மணியடித்து மக்களைக் கூட்டி, வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துத் தம் கைகள் சோர்ந்துபோயின என்று 1544 இல் எழுதினார். அவருடைய திருச்சபை மரபு வேறு, நம்முடையது வேறு, அதனாலென்ன? சோர்ந்துபோகிற கைகளே இந்தக் கரையில் சபையைக் கட்டின. ஒரு சதுரத்தைத் தொடுவதால் எந்தக் கையும் சோராது.

வாலிபருடைய தாலந்தை ஊக்குவிக்கவேண்டாமா என்கிறார்கள். வேண்டும், வேண்டும். தம்பிமாரே, தங்கைமாரே, இந்த வார்த்தை உங்களுக்கு. உங்களுடைய திறமையை நான் அற்பமாக எண்ணவில்லை. இரவெல்லாம் விழித்து ஓசைகளைச் சீர்படுத்துகிற உங்கள் உழைப்பைக் கர்த்தர் அறிவார். ஆனால் ஒரு கேள்விக்கு விடைசொல்லுங்கள். நீங்கள் வாசித்தபின் சபை அதிகமாய்ப் பாடுகிறதா, குறைவாய்ப் பாடுகிறதா? உங்கள் ஊழியத்துக்கு வேறு தராசு எனக்குத் தெரியாது. சபை வாயடைத்துப் பார்த்திருந்தால், நீங்கள் நன்றாய் வாசித்தீர்கள் என்று பலர் சொல்லக்கூடும். ஆராதனை நடந்தது என்று ஒருவரும் சொல்லமுடியாது. ஆமோஸ் 5:23 இல் கர்த்தர் பாட்டுகளின் இரைச்சலைத் தம்மைவிட்டு அகற்றச் சொன்னபோது, அந்தப் பாட்டுகள் சுருதி பிசகினவை என்று சொல்லவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆகவே என் சகோதரப் போதகர்களையும், மூப்பர்களையும், ஆராதனைக் குழுவினரையும் கேட்டுக்கொள்வது இதுவே. சபையார் சேர்ந்து பாடும் பாடல்களில் பதிவுசெய்த கைத்தாளத்தை நிறுத்துங்கள். அதற்குப் பதிலாக ஒருவரை, கூடுமானால் பின்வரிசையிலிருக்கும் ஒரு தாயை, முன்னே நிறுத்திக் கைகொட்டச் செய்யுங்கள். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பாடலையாவது எந்த வாத்தியமும் இல்லாமல், கைகளாலும் குரல்களாலும் மட்டும் பாடுங்கள். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தாளம் போடக் கற்றுக்கொடுங்கள். படுக்கையில் இருக்கிறவர்களுக்கும் தூரதேசத்தில் இருக்கிறவர்களுக்கும் பதிவை அனுப்புங்கள். அங்கே அது ஆறுதலின் ஊழியம். ஆனால் எழுந்து நிற்கக்கூடியவனை உட்காரவைக்க அதைப் பயன்படுத்தவேண்டாம். கைகள் இல்லாதவர்களும், கைகள் முடங்கினவர்களும் நம்மிடையே உண்டு. அவர்கள் தலையசைத்தாலும் கண்ணீர் விட்டாலும் அதுவும் தாளமே. அவர்களுக்குப் பதிலாக ஓர் எண்ணை அனுப்பிவைக்கவேண்டியதில்லை.

முதல் சில வாரங்கள் தாளம் பிசகும். இணையத்தில் பார்ப்பவர்கள் குறைகூறுவார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். அது நாம் கொடுக்கவேண்டிய ஐம்பது சேக்கல். 150 ஆம் சங்கீதம் எக்காளத்தையும் வீணையையும் தம்புருவையும் கைத்தாளங்களையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் துதிக்கும்படி அழைப்பது சுவாசமுள்ளவைகளை. வருகிற ஞாயிற்றுக்கிழமை சுவாசமுள்ள நீங்கள் உங்கள் கைகளோடு வாருங்கள். உப்பில் வெடித்திருந்தாலும் அப்படியே வாருங்கள்.

ஜெபம்: பரலோகப் பிதாவே, எங்கள் கைகளை உண்டாக்கினவர் நீரே. எங்களுக்கு ஒன்றும் செலவாகாததை உமக்குச் செலுத்தும் சோம்பலிலிருந்து எங்களை விடுவியும். பின்வரிசையில் இருப்பவர்களின் துதியைத் தடுத்து நிற்காதபடி, முன்வரிசையில் இருப்பவர்களைக் காத்துக்கொள்ளும். எங்களுக்காக ஆணிகளால் கடாவப்பட்ட கரங்களையுடைய எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம், ஆமென்.